ஞாயிறு போனில் சொல்லக்கூடாதவை

மகள் பதினோரு கடை ஏறி இறங்கிச் சேர்த்து வைத்திருந்த ஆரஞ்சுப் பானத் தூள் மொத்தத்தையும் கப்பல்காரர் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வெந்நீர் டிரம்மில் கொட்டிக் கொதிக்க வைத்துவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. விருந்துக்காக வாடகைக்கு வந்திருந்த டிரம் அது. சும்மா எட்டிப் பார்த்தார். அடியில் உப்புக் கறை அரை விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கப்பலின் இன்ஜின் அறையில் இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டிய மனிதருக்கு உப்புக் கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? பாய்லர் கறையைக் கரைக்க அங்கே ஒரு தூள் வைத்திருப்பார்கள். இதே நிறம், இதே அகலவாய் ஜாடி. சமையல் மேடையில் அந்த ஜாடியைக் கண்டதும், நம் வீட்டிலும் விவரமானவர்கள் இருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டே கவிழ்த்தார். கொதிக்கும்போது இனிப்பான வாசனை வந்தது. கரையில் விற்பதற்காக வாசனை சேர்த்திருப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

டிரம் பளபளவென்று ஆகிவிட்டது. அதை மகளிடம் காட்டுவதற்காக அவள் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் இதில் பெரிய பரிதாபம்.

மகள் வந்தாள். டிரம்மைப் பார்த்தாள், காலி ஜாடியைப் பார்த்தாள், பாராட்டுக்காகக் காத்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் காலத்தில் அதைத்தான் கரைத்துக் குடித்தார்கள் என்றும், இப்போது எங்கோ ஒரு சின்னக் கம்பெனிதான் அதைத் தயாரிக்கிறது என்றும் மெதுவாக விளக்கினாள். பிறகு, "பரவால்லப்பா," என்றாள்.

அந்தப் 'பரவால்ல'தான் அவரை வாட்டியது. இதே காரியத்தைக் கப்பலில் செய்திருந்தால் சீஃப் இன்ஜினியர் நான்கு மொழிகளில் திட்டியிருப்பார். திட்டு வாங்கினால் மனசு லேசாகிவிடும், போய்ச் சாப்பிடலாம். இந்த வீட்டில் வந்து இறங்கி மூன்று வாரமாயிற்று. என்ன செய்தாலும் பரவால்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினைப் பிரித்துப் போட்டார், பரவால்ல. வாசல் மணியை ரிப்பேர் செய்து நிரந்தரமாக ஊமையாக்கினார், அதுவும் பரவால்ல.

மூன்று வாரமாக இவர் கதையைக் கேட்டு வருபவர்களுக்கு இந்த 'பரவால்ல' புதிதல்ல. வருஷத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு என்று காலம் தள்ளியவர், இனி கரைதான் என்று பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெட்டி இன்னும் முன்னறையில் அவிழ்க்கப்படாமல் நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே சோபாவில் அவர் படுக்கை. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, சோபா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. இதற்கிடையில் கம்பெனி ஏஜென்ட் கூப்பிட்டு, இன்னொரு பத்து மாதம் வருகிறீர்களா, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றிருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் இது.

ஒரே வார்த்தைதான். இருப்பதா, போவதா. தனக்கு இங்கே இடம் இருக்கிறது என்று ஒருத்தராவது சொன்னால் இருந்துவிடுவார். இல்லை என்று சொன்னால்கூடப் பெட்டி தயாராகத்தான் நிற்கிறது. யாரும் ஒன்றும் சொல்லாமல் காபியை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து வீட்டில் விருந்து வேறு. அலுவலக வேலையை விட்டுவிட்டு விருந்து ஏற்பாடு செய்து தரும் தொழிலை ஆரம்பித்திருந்தாள் மகள். இரண்டாயிரத்தில் தொடங்கும் பத்து வருஷத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருவது அவள் திட்டம். அன்று சாப்பிட்டது, குடித்தது, கேட்டது, சுவரில் ஒட்டியது எல்லாம் இருக்க வேண்டும். முப்பது விருந்தாளிகள். அதில் ஒருவர் பெரிய ஹோட்டலின் மேனேஜர் அம்மாள். அவருக்குப் பிடித்துவிட்டால் மாதம் ஒரு விருந்து மகள் கைக்கு வரும். ஆகவே நாற்காலி நகர்த்துவது முதல் நூடுல்ஸ் கிண்டுவது வரை ஆளுக்கொரு வேலை. கப்பல்காரருக்கு மட்டும், "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா," என்ற வேலை.

ரெஸ்ட் எடுத்துக்கொண்டே அவர் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்.

மகள் பலூனை வாயிலிருந்து எடுக்காமலே, உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்கள் என்பதுபோலத் தலையாட்டினாள். மகன் ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது, ஆறடி உயரம், வீட்டில் இன்னும் பெயர் 'சின்னவன்'தான். கப்பலில் சாப்பாடு நல்லா இருக்குமாப்பா என்று விசாரித்துவிட்டு, நல்லா இருந்தாப் போகலாம், இல்லேன்னா இருக்கலாம் என்று முடித்துக்கொண்டான். இருபத்தாறு வருஷத்தில் அவன் அப்பாவிடம் முதன்முறையாகக் கேட்ட கேள்வி அது. அதைக் குறித்துச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் கப்பல்காரர் சிறிது நேரம் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பாழாய்ப்போன ஆரஞ்சுக்குப் பதிலாக இரண்டு கிரேட் சோடா பாட்டிலோடு வந்திறங்கினார். அவரிடமும் கேட்டாயிற்று.

"அத்தான், லிஃப்டுக்குள்ள வர்றவங்ககிட்ட எந்த மாடின்னு நான் கேட்கணும். நீங்க ஏறி நின்னுக்கிட்டு என்கிட்ட கேட்கிறீங்க," என்றார் அவர்.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். கப்பல்காரருக்கு அடுத்த குழப்பம் அப்போது ஆரம்பித்தது.

பாட்டு என்று சின்னவன் போட்டது எல்லாம் அந்தக் காலத்து பட்டன் போன்களின் ரிங்டோன். டிண்டிண் டிடிண் என்று ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வர, கூட்டம் ஐயோ இதுவா, ஐயோ அதுவா என்று நெஞ்சில் கை வைத்து உருகியது. கப்பல்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட்தான் கூப்பிடுகிறார் என்று பதறிப் பையில் கைவிட்டார். ஏழாவது தடவை ஹோட்டல் மேனேஜர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பிரமாதமாக நடிக்கிறீர்கள், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பையைத் தடவுவார்கள் என்று பாராட்டினார். நடிக்கவில்லை என்று விளக்க வாயெடுத்தவர், மகளின் தொழிலை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

கப் நூடுல்ஸ் வந்தது. இரண்டு நிறத்தில் ஜெல்லி வந்தது. நடுவில் க்ரீம் வைத்த பிஸ்கட்டை எல்லாரும் பிரித்து, க்ரீமை முதலில் நக்கிவிட்டு, பிஸ்கட்டைப் பிறகு தின்றார்கள். அறுபதை நெருங்கும் ஒருவர்கூட அப்படித்தான் தின்றார். கப்பல்காரர் தன் பிஸ்கட்டை முழுசாக வாயில் போட்டதும் பக்கத்துச் சிறுமி அவரைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு கேள்வி-பதில் விளையாட்டு. அந்த வருஷம் எல்லாரும் எந்த மாதிரி ஹேர்கட் வெட்டிக்கொண்டார்கள், எந்த விளையாட்டைப் போனில் விளையாடிப் பரீட்சையில் கோட்டை விட்டார்கள், சிடி கீறிப்போனால் எதை வைத்துத் துடைப்பார்கள். கூட்டம் கூரையைப் பிய்த்தது. கப்பல்காரருக்கு மதிப்பெண் பூஜ்யம். இத்தனைக்கும் அந்தப் பத்து வருஷமும் அவர் உயிரோடுதான் இருந்தார். அவரிடம் கேட்டிருந்தால், எந்தத் துறைமுகத்தில் கிரேன் மெதுவாக நகரும், மூன்றாம் நம்பர் பம்ப் எத்தனை மணிக்கு மக்கர் பண்ணும், நடுக்கடலில் எந்த மாதத்தில் டீ கோப்பையை மேஜையில் வைக்கவே முடியாது என்று மணிக்கணக்காகச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. முப்பது பேருக்குச் சொந்தமான ஒரு காலத்துக்குள் டிக்கெட் வாங்காமல் நுழைந்துவிட்டவர்போல ஓரமாக நடந்தார்.

அப்படி நடந்துதான் குளிர்சாதனப் பெட்டியிடம் போய்ச் சேர்ந்தார்.

அது மகளின் கைவேலை. ஓடாத பழைய பெட்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, அந்தக் காலத்தில் தங்கள் வீட்டுப் பெட்டியின் கதவு எப்படி இருந்ததோ அப்படியே அலங்கரித்திருந்தாள். பழக் காந்தங்கள். பள்ளி டைம்டேபிள். பால்காரர் நம்பர். அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு கட்டுக் காகிதத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். அங்கே ஐந்தாறு பேர் கூடி நின்று போனில் படம் எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல்காரரும் சிரிக்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மருந்து அட்டையில் எழுதிய மாதிரி குண்டு குண்டான கையெழுத்து. அவர் மனைவியுடையது. மேலே கோடிட்ட தலைப்பு: 'ஞாயிறு போனில் சொல்லக்கூடாதவை.'

ஒன்று: சின்னவன் கை.
இரண்டு: பின்னறைக் கூரை.
மூன்று: பெரியவள் கணக்கு மார்க்.
நான்கு: தம்பியின் பைக்.
ஐந்து: எனக்கு நைட் டியூட்டி.
ஆறு: பக்கத்து வீட்டோடு சண்டை.
ஏழு: புதன்கிழமை.

கீழே இன்னொரு தலைப்பு. 'சொல்ல வேண்டியவை.' அதில் ஒரே வரி: 'எல்லாரும் நல்லா இருக்கோம், நல்ல மழை.'

சின்னவன் மைக்கோடு அங்கே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அப்பா துறைமுகத்திலிருந்து கூப்பிடுவார், அதற்கு அரை மணி முன்னால் அம்மா இரண்டு பேரையும் நிறுத்திவைத்து ஒத்திகை பார்ப்பாள் என்று விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டினான். கை எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு நின்றுகொண்டு, 'இன்னிக்கு ரெண்டு கோல் போட்டேம்ப்பா' என்று அப்பாவிடம் சொன்னதை அவன் சொன்னபோது கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கூரை ஒழுகி, அம்மா வாளிக்குள் துணியைப் போட்டாளாம், சொட்டும் சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாதென்று. மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கப்பல்காரரும் சிரித்தார். சபையில் தன்னை வைத்து ஒரு ஜோக் ஓடினால் முதலில் சிரிக்கிற ஆள் அவர்.

அந்த இரண்டு கோல் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. துறைமுகத்தில் போன் வரிசையில் பின்னால் நின்ற மாலுமிகளுக்கெல்லாம் அதைச் சொல்லி, கையில் இருந்த சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்திருந்தார். அப்போது அவருடைய இடது கையில் நீராவி பட்டு வெந்த புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அதை அவரும் போனில் சொல்லவில்லை. கடல் அமைதியா இருக்கு, சாப்பாடு நல்லா இருக்கு என்றுதான் சொன்னார். அவருக்கும் ஒரு பட்டியல் இருந்தது. எழுதி ஒட்டக் கதவு இல்லை, அவ்வளவுதான். கையில் கட்டுப் போட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் நின்று, ரொம்ப நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோபப்படுவதென்றால் யார் மேல் படுவது? சிரிப்பதென்றால் எவ்வளவு நேரம்தான் சிரிப்பது?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக வீட்டில் கேட்டுவருகிற 'பரவால்லப்பா'வும், 'உங்க சௌகரிய'மும் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரலேதான். ஆள் நேரில் வந்து சோபாவில் உட்கார்ந்த பிறகும் வீடு அவரிடம் போனில்தான் பேசிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஜெல்லியைத் தேடிக் கலைந்தது. அவர் மட்டும் நின்றார். மற்ற ஆறும் புரிகிறது. ஏழாவது என்ன? சொல்லக்கூடாத அளவுக்கு ஒரு கிழமை என்ன செய்துவிட்டது?

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அந்த வரியை அப்போதுதான் முதன்முதலாகப் படிப்பவள்போலக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. கட்டோடு எடுத்து ஒட்டினேன், பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று முணுமுணுத்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை. சின்னவனிடம் கேட்டார். அவன் ரிங்டோன் சத்தத்தைக் கூட்டினான். மச்சினரைச் சோடா கிரேட் பக்கம் மடக்கினார்.

"அக்காகிட்ட கேளுங்க அத்தான். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கிறதுதான் என் தொழில். நானே போய் மாட்டிக்கிறதில்ல," என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பாட்டிலைத் திறந்தார். பாதி சோடா தரையில் போயிற்று.

ஐந்தரைக்கு மனைவி டியூட்டி முடித்து வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள், ஹோட்டல் மேனேஜர் அம்மாளிடம் ஜெல்லி நன்றாக உறைந்திருக்கிறதா என்று கேட்டாள், பேசிக்கொண்டே அந்தக் குளிர்சாதனப் பெட்டியைத் தாண்டி நடந்தாள். நின்றாள். காந்தத்தை நகர்த்தி, அந்தக் காகிதத்தை எடுத்து, நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். இது எல்லாம் நடக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் கவனிக்கவில்லை, மூன்று வாரமாக அவளையே கவனித்துக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர.

அவள் பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் கை கழுவத் தொடங்கினாள். மருந்துக்காரி கை கழுவினால் சுருக்கமாக முடியாது. கப்பல்காரர் வந்து வாளியைத் தள்ளிவிட்டு நின்றார். மணி ஆறாவதற்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது.

"புதன்கிழமைன்னா என்ன?" என்றார்.

அவள் திரும்பவில்லை. "சொல்றேன். இன்னிக்கு இல்ல. முப்பது பேர் ஜெல்லி சாப்பிடுற வீட்ல வச்சுச் சொல்ற விஷயம் இல்ல அது."

"கெட்ட விஷயமா?"

"அதை நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க. எனக்கு இன்னும் தெரியல."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு ஜோக் அடிப்பார். ஒன்று வாய்வரை வந்தும்விட்டது. கிழமையைப் பற்றித்தான், சுமாரான ஜோக். விழுங்கிவிட்டார்.

"சரி, அது இருக்கட்டும். ஆறு மணிக்கு ஏஜென்ட் கூப்பிடுவான். இருக்கிறதா போறதான்னு சொல்லணும். காலையிலேருந்து ரூம் ரூமாப் போய்க் கேட்டுட்டேன். எல்லாரும் என் சௌகரியம்ங்கிறாங்க. என் சௌகரியம் எதுன்னு எனக்கே தெரிஞ்சா நான் ஏன் பலூன் ஊதுறவகிட்ட போய்க் கேட்கப் போறேன்? நீயும் அதையே சொல்லிடாத."

அவள் குழாயை மூடினாள். ஒவ்வொரு விரலாகத் துண்டில் துடைத்தாள். உள்ளே யாரோ கைதட்டினார்கள்.

"நிஜமாக் கேட்கிறீங்களா? இல்ல, நல்ல சேதியாச் சொல்லணுமா?"

"நிஜமா."

"நீங்க வீட்ல இருக்கிறது எனக்குப் பிடிக்கல," என்றாள்.

கப்பல்காரர் தலையாட்டினார். பதில் கிடைத்துவிட்டது, பெட்டியைத் தூக்க வேண்டியதுதான் என்று கால் ஒரு அடி பின்னால் போனது.

"எங்க போறீங்க? இன்னும் முடிக்கல. விடியக்காலம் நாலு மணிக்கு டார்ச்சை அடிச்சுட்டு வீட்டைச் சுத்தி வர்றீங்க, எனக்குத் தூக்கிவாரிப் போடுது. பாத்ரூம் கதவுல ஹீட்டர் சூட்டை எழுதி ஒட்டி, கீழே கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. நான் சாப்பிடும்போது எதிர்ல உக்காந்து கடைசி வாய் வரைக்கும் பார்க்கிறீங்க, எனக்கு இறங்க மாட்டேங்குது. இருபத்தேழு வருஷம் நான் தனியாச் சாப்பிட்டுப் பழகிட்டேன். எனக்கு அது பிடிச்சும் போச்சு. இதை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் மூணு வாரமா வாயை மூடிட்டு இருந்தேன்."

இவ்வளவு நீளமாக அவள் திட்டி அவர் கேட்டதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, வலிதான், ஆனால் லேசாகவும் இருந்தது.

"பழகிக்க எத்தனை நாள் ஆகும்னு தெரியல. ஒரு வருஷம் ஆகலாம். பழகாமலே போகலாம். ஆனா நீங்க எதிர்ல இருந்தாத்தான் அதுவும் தெரியும். அதனால போகாதீங்க."

"பிடிக்காமலேயா?"

"பிடிக்காமத்தான். இருங்க."